ஒற்றைச் சிறகு வாணம்

10 ஜனவரி 1949

பிளாரன்ஸ் இன்று பள்ளிக்கூடத்துக்கு ஓர் அட்டைப் பெட்டியைப் புத்தகப் பைக்குள் ஒளித்துக்கொண்டு வந்தாள். அவள் அண்ணன் கப்பலில் வேலை பார்க்கிறான். ஊருக்குத் திரும்பிய ஒரு வெள்ளைக்காரன் கொழும்பில் வந்த விலைக்கு விற்றுவிட்டுப் போன விளையாட்டுச் சாமானாம். பிளாரன்ஸுக்கு இதிலெல்லாம் ருசி கிடையாது. "ஒனக்குத்தான் கிறுக்கு, நீயே வச்சுக்க" என்று கொடுத்துவிட்டாள். மகராசி!

பெட்டியின் மேல் படம். ஒரே ஒரு சிறகு! நடுவில் ஒரு கட்டை. ஒரு பக்கம் தக்கை போன்ற பலகைச் சிறகு, கொஞ்சம் சாய்த்துச் செருக வேண்டும். மறு பக்கம் குட்டைக் கை, அதில் வெடிமருந்துக் குழாயைக் குறுக்காகக் கட்ட வேண்டும். குழாய் பற்றிக்கொண்டால் முழுச் சாமானும் தட்டாமாலை சுற்றும். அந்த வேகத்தில் சிறகு காற்றைக் கீழே தள்ளும், சாமான் மேலே ஏறும். மருந்து தீர்ந்த பிறகும் கல் மாதிரி விழாதாம். சுற்றிக்கொண்டே மெதுவாக இறங்குமாம். நிஜமாகவா?

மருந்துக் குழாய்கள் மட்டும் பெட்டியில் இல்லை. கப்பலில் ஏற்ற விடவில்லை. போகட்டும், தூத்துக்குடியில் வாணத்துக்கா பஞ்சம்?

14 ஜனவரி

பொங்கல். வடிவம்மாள் அத்தை குலசேகரன்பட்டினத்திலிருந்து ஒரு கட்டுக் கரும்போடும் கல்யாணப் பேச்சோடும் வந்து இறங்கினாள். அவள் மகன் சங்கரபாண்டியன் அத்தானுக்கு நான் என்பது, நான் தொட்டிலில் கிடக்கும்போதே பேசி முடித்ததாம். தொட்டிலில் கிடந்து நான் தலையாட்டினேனாக்கும்!

பரீட்சை முடிந்ததும் காலேஜுக்குப் போகிறேன் என்றேன். "பொட்டப்புள்ள படிச்சு என்னத்தக் கிழிக்கப் போறா?" என்றாள் அத்தை. அம்மா அடுப்படிக்குள் போய்விட்டாள். நான் பதிலுக்குப் பதில் பேச, சத்தம் கூடிவிட்டது.

அப்பா சிரித்துக்கொண்டே ஜன்னலில் இருந்த சிறகைக் காட்டினார். "ஏளா மாடத்தி, அந்தா ஒத்தச் சிறகு வச்சிருக்கியே, அது பனை ஒசரம் பறக்கட்டும். பாளையங்கோட்டை காலேஜ்ல நானே கொண்டு விடுதேன். பறக்கலேன்னா ஆவணியில அத்தானுக்குக் கழுத்த நீட்டணும். சரியா?"

எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. "சரி" என்றேன். அப்பாவுக்கும் சிரிப்பு நின்றுவிட்டது. சங்கு வியாபாரி பொன்னுதுரை சொன்ன சொல் மாறமாட்டார் என்று கடற்கரை முழுக்கச் சொல்வார்கள். பார்த்துவிடுவோம்.

6 பிப்ரவரி

கோயில் கொடைத் திருவிழாக்களுக்கு வாணம் கட்டும் இசக்கியப்பன் அண்ணாச்சியிடம் அம்மாவோடு போனேன். படத்தைத் தலைகீழாகவும் பிடித்துப் பார்த்தார். "இதென்ன தாயீ, வாலையும் காணோம், ஒரு கையையும் காணோம்!" என்று ஒரே சிரிப்பு. ஆனால் குட்டிக் குழாய்கள் அடைத்துத் தந்தார். "கடல்காத்து பட்டா நமுத்துப் போவும். அரிசிப் பானைக்குள்ள பொதச்சு வையி" என்று காதோடு சொன்னார்.

9 பிப்ரவரி

அரிசிப் பானையை அம்மா திறந்துவிட்டாள். குழாய்கள் வேறு பானைக்கு மாறிவிட்டன. நான் உயிரோடு இருக்கிறேன்.

27 மார்ச்

பரீட்சை ஒழிந்தது. இன்று வெள்ளோட்டம்! உப்பளத்துக்கு அப்பால் மணலில் ஒரு கம்பியை நட்டு, அதன் தலையில் கட்டையை உட்கார வைத்தோம். குழாயைச் சிவப்பு நூலால் நானே இறுக்கிக் கட்டினேன். பிளாரன்ஸ் காதைப் பொத்திக்கொண்டு மாதாவைக் கூப்பிட்டாள். நான் திரியைப் பற்றவைத்துவிட்டு ஓடினேன்.

படத்தில் போட்டிருந்தபடியே இடப்பக்கமாகச் சுற்றியது. சிறகு மறைந்து வெறும் வட்டம் தெரிந்தது. கம்பியை விட்டு எழும்பி ஆள் உயரம் போயிற்று! அதற்குள் அணைந்துவிட்டது; மருந்து நமுத்திருந்தது. இருந்தால் என்ன? பறந்தது, பறந்தது, பறந்தது! இரண்டு பேரும் மணலில் குதித்த குதியில் என் கால் கொலுசு எங்கேயோ கழன்று விழுந்துவிட்டது.

நல்ல குழாய் இரண்டு மீதி இருக்கிறது. சித்திரைப் பிறப்பன்று எல்லார் முன்னாலும் விடப்போகிறேன். அப்பாவிடம் சொன்னேன். கல்கத்தாவுக்குச் சங்கு மூட்டை ஏறுகிறது, நேரமில்லை என்று மூட்டை அடுக்கும் கிட்டங்கிக்குப் போய்விட்டார். ஒரு வார்த்தை கேட்கவில்லை.

13 ஏப்ரல்

போச்சு. எல்லாம் போச்சு.

சுற்றியது. நன்றாகவே சுற்றியது. ஆனால் மேலே போகவில்லை — கம்பியை அமுக்கி அமுக்கிச் சுற்றி, கம்பியையே சாய்த்து, மணலைத் தோண்டிக்கொண்டு உள்ளே போயிற்று. எப்படி? அன்றைக்குப் பறந்தது இன்றைக்கு ஏன் பறக்கல?

"ஆவணின்னா ஆவணிதான்" என்று அத்தை என் தலையில் பூ வைத்தாள். சங்கரபாண்டியன் அத்தான் என்னைப் பார்க்காமல் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்பா முகத்தில் ஈ ஆடவில்லை. ஜெயித்தவர் முகம் அப்படியா இருக்கும்?

14 ஏப்ரல்

காலையில் சாமானைக் கழுவும்போது பார்த்தேன். குழாய் வாய் மறுபக்கம் திரும்பியிருக்கிறது! முந்தின ராத்திரி நான் கட்டிவைத்த சிவப்பு நூல் இல்லை; விடுகிற அவசரத்தில் கவனிக்கவே இல்லை. சாக்குத் தைக்கும் சணல். பக்கத்தில் சந்தனம் வேறு.

யாரோ திருப்பிக் கட்டியிருக்காங்க. யாரு? அத்தைதான்! வேற யாருக்கு இதுல லாபம்? முந்தின நாளே வந்து தங்கினாளே. சந்தனம் வச்சுக் கெடுத்திருக்கா!

15 ஏப்ரல்

கேட்டுவிட்டேன். சாப்பாட்டு நேரத்தில், எல்லார் முன்னாலும், வாய்க்கு வந்தபடி. அத்தை அழ ஆரம்பித்துவிட்டாள்.

அப்பா சோற்றில் வைத்த கையை எடுத்தார். "அவள ஏசாத. நாந்தான் திருப்பிக் கட்டினேன்."

அவரே சொன்னார். வெள்ளோட்டத்தன்று உப்புக் குவியலுக்குப் பின்னால் நின்று பார்த்தாராம். "ஆள் ஒசரம் போச்சு பிள்ள, எனக்குப் புல்லரிச்சுப் போச்சு. ஆனா இடமாச் சுத்துச்சு. நல்ல நாளும் அதுவுமா, நீ நெனச்ச காரியம் நடக்கணும்னு விடும்போது இடமாச் சுத்தலாமா? வலமாச் சுத்தினா இன்னும் ஒசரம் போவும்னு நெனச்சேன். சாமி கும்பிட்டு, சந்தனம் தொட்டு வச்சுத்தான் கட்டினேன்."

"நீங்க விக்கிற சங்கு பூரா இடம்புரிதானப்பா!" என்று கத்தினேன்.

"அது பொழப்புக்கு" என்றார். "இது ஒனக்குல்லா."

சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்து புரையேறிவிட்டது. அம்மாதான் தலையில் தட்டினாள். என்னோடு பந்தயம் கட்டிவிட்டு, நான் ஜெயிக்கச் சந்தனம் வைத்திருக்கிறார் மனுஷன்! அத்தை காலில் விழுந்து மன்னிப்புக் கேட்டேன். "கெடுத்தவன் அவன், பழி எனக்கா?" என்று மூக்கைச் சிந்தினாள்.

தானே கெடுத்ததால் இன்னொரு தடவை விடவேண்டும் என்று அப்பா சொல்லிவிட்டார். அத்தை முணுமுணுத்தாள், மறுக்கவில்லை. ஒரு குழாய்தான் இருக்கிறது.

19 ஏப்ரல்

குழாயைப் பழையபடி திருப்பிக் கட்டினால் போதும். ஆனால் இடமாகச் சுற்றும்போது அப்பா அங்கே நின்று தவித்துக்கொண்டிருப்பார். அவர் அப்படி நிற்க எனக்கு வேண்டாம்.

சிறகு வெறும் தட்டைப் பலகைதானே? சாய்வுதான் அதை மேலே தூக்குகிறது. வலமாகச் சுற்றினபோது அந்தச் சாய்வு காற்றை மேலே தள்ளி, சாமானைக் கீழே அமுக்கிவிட்டது. சாய்வை மறுபக்கம் மாற்றினால் வலமாகவும் பறக்க வேண்டும். வேண்டும்தானே? வெள்ளைக்காரன் படத்தில் இது இல்லை. சோதிக்கவும் குழாய் இல்லை. பிளாரன்ஸ், "வேண்டாம்ளா, படத்துல உள்ளபடியே வுடு" என்று கையைப் பிடித்துக் கெஞ்சினாள்.

குழாயை அப்பா கட்டின பக்கமாகவே கட்டி, சிறகை உருவி, மறுபக்கம் சாய்த்து, ஆப்பு அடித்து இறுக்கிவிட்டேன்.

24 ஏப்ரல்

எழுத்து கோணுகிறது, பரவாயில்லை.

அப்பாவையே பற்றவைக்கச் சொன்னேன். ஊதுபத்தியை வைத்துவிட்டு, வேட்டியை மடித்துக்கொண்டு அவர் ஓடின ஓட்டம்! சாமான் சீறியது. வலமாகச் சுற்றியது. ஒரு கணம் கம்பியிலேயே நின்றது — நான் செத்தேன் என்று நினைத்தேன் — பிறகு விட்டது பார்! ரீங்காரம் போட்டுக்கொண்டு, புகையைச் சுருள் சுருளாகச் சுற்றிக்கொண்டு, அத்தையைத் தாண்டி, உப்புக் குவியலைத் தாண்டி, பனையைத் தாண்டி மேலே, இன்னும் மேலே! இசக்கியப்பன் அண்ணாச்சி துண்டை வீசிக் குலவை போட்டார். ஆம்பிளை குலவை போட்டு இன்றுதான் கேட்கிறேன். சங்கரபாண்டியன் அத்தான் கைதட்டினார், அத்தை முறைத்த பிறகும் தட்டினார். நல்ல மனுஷர்.

மருந்து தீர்ந்தது. சத்தம் நின்றது. ஒற்றைச் சிறகு வெயிலில் மின்னி மின்னி, அவசரமே இல்லாமல் சுற்றி இறங்கி, உப்புப் பாத்தியில் உட்கார்ந்தது.

அப்பா செருப்போடு பாத்திக்குள் இறங்கிவிட்டார். உப்பளத்துக்காரர் ஏசினது அவர் காதில் விழவில்லை.

30 மே

பாஸ்.

12 ஜூன்

அத்தை கடைசியாக ஒரு தடவை வந்தாள். கிட்டங்கி வாசலில் மூட்டை தைத்துக்கொண்டிருந்த அப்பாவிடம், "ஏலே பொன்னுதுரை, ஏதோ வெளையாட்டுக்குச் சொன்ன பேச்சு. அதுக்காகக் கொமரிப் பிள்ளய வெளியூருக்கு அனுப்புவியா?" என்று கேட்டாள்.

அப்பா ஊசியைக் கீழே வைக்கவில்லை. "வெளையாட்டுக்குத்தான் சொன்னேன்க்கா. ஆனா அது பனைக்கு மேல போனத எங்கண்ணால பாத்துட்டேனே. இனிமே அவளக் கீழ எறக்க நான் யாரு?"

அத்தை கருப்பட்டிக் காப்பி குடித்துவிட்டுப் பஸ் ஏறினாள்.

4 ஜூலை

பாளையங்கோட்டை. என்னை ஹாஸ்டலில் விட்டுவிட்டு அப்பா கேட்டுக்கு வெளியே நின்றார். ரயிலுக்கு நேரமாயிற்று, போங்கள் என்று மாடி ஜன்னலிலிருந்து கையைக் காட்டினேன். தலையாட்டினார், போகவில்லை. அறைத்தோழி கேட்டாள், "அது யாரு, ஒங்க அப்பாவா? அழுவுதாகளோ?" வெயில் கண்ணில் படுகிறது என்று சொன்னேன். நாளைக் காலையில் முதல் வகுப்பு பௌதிகம்.