ஜெபத்துக்கு முதுகு காட்டியவர்கள்

அன்புள்ள அக்காவுக்கு,

உன் ஊமைக்கோட்டான் வாய் திறந்துவிட்டாள் என்றால் நம்புவாயா?

நம் மலைக்குப் புதிதாக ஒரு போதகரும் அவர் மனைவியும் வந்து தங்கியிருக்கிறார்கள். ஞாயிறுதோறும் ஜெபம் உண்டு. ஆனால் கூடத்துக்குள் ஒருவரும் போகவில்லை. எல்லாரும் வெளியே சரிவில், அவருக்கு முதுகு காட்டித்தான் உட்கார்ந்தோம். போன வாரம் அவர் பெட்டியைக் கட்டத் தொடங்கிவிட்டார்.

"இவங்களுக்கு என்னைப் பிடிக்கலை. கிளம்பிடலாம்" என்று மனைவியிடம் சொன்னது என் காதில் விழுந்தது. அந்த அம்மாவிடம்தான் நான் விட்ட படிப்பை மறுபடி தொட்டிருக்கிறேன். அவரும் போய்விட்டால் எனக்குப் பழையபடி ஆடுகள் மட்டும்தான்.

 அவர்கள் வாசலில் போய் நின்று, தரையைப் பார்த்தபடியே சொன்னேன்.

"ஐயா, உள்ள வந்தா ஆடு தெரியாது. கண்ணு ஆட்டு மேல, காது உங்க மேல."

"அப்போ இத்தனை நாளும் கேட்டுக்கிட்டா இருந்தீங்க?"

"நீங்க ஒரே கதையை ரெண்டு தடவை சொன்னதுகூடத் தெரியும்யா."

அந்த அம்மா சிரித்த சிரிப்பில் ஆடுகள் மிரண்டு ஓடின.

இந்த ஞாயிறு அவர் சரிவின் கீழே இறங்கி, ஆடுகளுக்கு நடுவில் நின்று பேசினார். முதல்முறையாக எங்கள் முகங்களைப் பார்த்தார். நம் கொம்பொடிந்த கிடா அவர் அங்கியை மென்றது. அவர் பேச்சை நிறுத்தவே இல்லை.

நீ எப்போது வருவாய் என்று நம் அம்மா கேட்கச் சொன்னாள். நான் கேட்கவில்லை. வந்தால் இதில் உள்ள பிழைகளைத் திருத்தலாம், அவ்வளவுதான்.

இப்படிக்கு,
பேசத் தொடங்கிய கோட்டான்