ஆறு பரலில் மூன்று

என்ரை அன்புப் பரமு மச்சான்,

உன் முப்பத்தோராம் நாள் நினைவு மலருக்கு எல்லாரும் எழுதிக் கொடுத்துவிட்டார்கள். கடதாசித் தட்டுப்பாட்டில் அச்சகக்காரர் கொப்பித் தாளில்தான் அடிக்கிறார், ஆளுக்கு ஒரு பக்கம். "அண்ணை, நீங்களும் அவரைப் பற்றி நாலு நல்ல வசனம் எழுதித் தாங்கோ" என்று உன் மனைவி, என் தங்கச்சி, கேட்டாள். எழுதுகிறேன். நல்லதெல்லாம் உன்னைப் பற்றி, மற்றது என்னைப் பற்றி.

போன மாரியில், பருத்தித்துறைப் பக்கம் வாங்கிய மா அரைக்கும் மில் இஞ்சினை எங்கள் தென்மராட்சிக்குக் கொண்டுவர வேண்டியிருந்தது. பாலம் உடைந்து கிடந்ததால் கடலேரியில் தெப்பம்தான் வழி. நான் எட்டாம் வகுப்போடு கடைக்குப் போனவன். நீ உயர்தர வகுப்புக்கு அமுக்கமும் மேலுதைப்பும் படிப்பிக்கிற மாஸ்டர். வேறு யாரிடம் கேட்பேன்?

நீ கரும்பலகையில் இஞ்சினைச் சதுரமாகக் கீறினாய். இஞ்சின், பலகை, கழியூன்றுகிறவனோடு நாங்கள் மூன்று பேர், எல்லாம் எழுநூற்று முப்பது கிலோ. மூடி இறுக்கிய வெறும் பரல், அதுதான் எண்ணெய்ப் பீப்பாய், ஒன்று, தள்ளுகிற தண்ணீரின் நிறையில் தன் நிறை போக, நூற்றுத் தொண்ணூறு கிலோ சுமக்கும். "நாலு மட்டுமட்டாக் காணும். நீ ஆறு கட்டு, மச்சான்" என்றாய்.

ஆறு கட்டினேன். ஆனால் ஆறையும் வெறுமையாக ஏரி கடத்த ஒரு வியாபாரிக்குக் கை வருமா? மண்ணெண்ணெய்க்கு ஊரே அலைந்த காலம். இரண்டு பரல் உபரி என்று நீயே சொல்லிவிட்டாய், அவற்றை நிரப்பினேன். எண்ணெய் தண்ணீரில் மிதக்கும்தானே, பிறகென்ன என்று மூன்றாவதையும் நிரப்பினேன். உனக்குச் சொல்லவில்லை.

ஏறும்போதே நீ குனிந்து பார்த்தாய். "கணக்கை விடக் கீழை தாண்டு நிக்குதே." பலகை நனைந்து பாரமாகிவிட்டது என்றேன். நடு ஏரியில் தண்ணீர் பலகைக்கு மேலே வந்தது. நீ இஞ்சினுக்கு மேல் ஏறிக் குடையோடு இருந்தாய். தெப்பம் மெல்ல மெல்ல, மரியாதையாகத் தாண்டது. தண்ணீர் நெஞ்சளவு வந்ததும் தெப்பத்தின் அடி சேற்றில் முட்டியது. பக்கத்து வள்ளக்காரன் கேட்டதை நீ மறந்திருக்க மாட்டாய்: "மாஸ்டர், கணக்கின்ரை உத்தரத்தை அடியிலையோ எழுதி வைச்சனீங்கள்?"

அந்தக் கேள்வி எங்களுக்கு முன்னமே சந்தைக்குப் போய்விட்டது. உன் வகுப்பில் இருந்த பன்னிரண்டு பேரில் ஏழு பேர் வேறு ரியூசனுக்கு மாறினார்கள். உண்மையைச் சொன்னால் ஊரே போத்தலோடு என் படலையில் நிற்கும் என்று பயந்து வாயை மூடிக்கொண்டேன். அந்த மூன்று பரலும் அன்றிரவே வேறு வள்ளத்தில், ஓலைக்குக் கீழே, வீடு வந்து சேர்ந்துவிட்டன.

நீயோ ஒரு போத்தல் ஏரித் தண்ணீரும் ஒரு கோழி முட்டையும் கொண்டு வந்தாய். மழையால் உப்பு இளகி, தண்ணீரின் அடர்த்தி குறைந்துவிட்டதாம். முட்டை தாண்டதைக் காட்டிச் சந்தோஷப்பட்டாய். அடுத்த நாள் முகம் வாடி வந்தாய். "அதாலை அரை ஆளின்ரை பாரம்தான் குறையுது, மச்சான். மிச்சம் எங்கை போச்சு?"

மிச்சம் என் வீட்டுக்குப் பின்னால், கோடிக்குள் சாக்கு மூடி நின்றது. நீ அதிலிருந்து பத்தடி தள்ளி நின்று கேட்டாய். மணக்கவில்லையா, மச்சான்? மணந்தும் என் முகத்துக்காக விட்டாயா? நெஞ்சு வலித்து விழும் வரைக்கும் அதே கணக்கை எத்தனை தரம் அழித்து அழித்துச் செய்தாய்?

அதனால் இந்த மலரை வாசிக்கிற எல்லாருக்கும் சொல்கிறேன். எண்ணெய் நிரம்பிய பரல் மிதக்கும், ஆனால் நாற்பது கிலோகூடச் சுமக்காது. உன் கொப்பியைப் பார்த்து, உன்னிடம் மிஞ்சிய ஐந்து பிள்ளைகளும் எனக்கு விளக்கினார்கள். மாஸ்டரின் கணக்கில் பிழை இல்லை. அவரை நம்பாமல் நான் இதைச் செய்யவுமில்லை. அவர் கணக்கை அவ்வளவு நம்பியபடியால்தான் அதிலே கை வைத்தேன்.

அன்று வள்ளக்காரர் சேற்றிலிருந்து இழுத்து, புறப்பட்ட கரையிலேயே ஏற்றிவிட்ட இஞ்சின் இன்னும் அக்கரையில்தான் கிடக்கிறது. வருகிற சனிக்கிழமை, பட்டப்பகலில், ஆறு பரலில் அதைக் கொண்டு வருவேன். மாறிப்போன ஏழு பேரையும் வரச் சொல்லியிருக்கிறேன். ஒவ்வொரு பரலையும் அவர்கள் குனிந்து மணந்து பார்த்த பிறகுதான் மூடி இறுக்குவேன். இது சத்தியம்.

உன் தாரத்தின் தமையன்,
உன் கணக்கைத் தாழ்த்திய மச்சான்,
செல்லத்துரை