விருந்தாளி டிரைவ்

மார்ச் 4, செவ்வாய்

மழை. ஃபிஜித் தலைநகர் சூவாவில் மழை என்று எழுதுவது மைக்குப் பிடித்த கேடு.

இன்று எங்கள் ஆவணக் காப்பகத்தில் டேப் மாற்றும் வேலை தொடங்கியது. தீவுத் தீவாகப் போய்ப் பதிவு செய்த கிழவர் கிழவிகளின் பேச்சும் பாட்டும் பழைய கணினி டேப்புகளில் கிடக்கின்றன. அவற்றைப் புது டேப்புகளுக்கு ஏற்ற வேண்டும். மூல ரீல்கள் எப்போதோ பூசணம் பிடித்துப் போய்விட்டன. இந்தப் பழைய டேப்புகளை விட்டால் அந்தக் குரல்களுக்கு வேறு இடம் கிடையாது. டைரக்டர் நைவாலுவுக்கு ஈஸ்டருக்குள் முடிய வேண்டும், நிதி கொடுத்தவர்கள் வருகிறார்களாம். டேப்பைப் போட்டுப் படிக்க இருப்பது மூன்று டிரைவ், வேலைக்கு நானும் டோரிகாவும். இன்று அவள் லீவு.

மத்தியானம் பெனி வந்தான். அத்தை மகன், மாகாண ஆபீசில் வேலை. நாற்காலி இருக்க, தரையில் உட்கார்ந்து, கரைத்துக் குடிக்கும் யங்கோனா வேரில் ஒரு கட்டு எடுத்து முன்னால் வைத்தான். வேரை வைத்தால் ஏதோ கேட்க வந்திருக்கிறான் என்று அர்த்தம். போச்சு என்று நினைத்துக்கொண்டேன்.

"கெரெகெரெ, மச்சான். எங்க ஆபீஸ் டேப் ஒண்ணு வெள்ளத்துல நனஞ்சிடுச்சு. மீன்பிடி எல்லையெல்லாம் அதுலதான் இருக்கு. உன் மெஷின்ல ஒரு தடவ போட்டுப் பாரேன்."

கெரெகெரெ என்று சொந்தக்காரன் வாய்விட்டுக் கேட்ட பிறகு இல்லை என்று சொன்ன ஃபிஜிக்காரன் உண்டா? இரண்டாம் டிரைவில் போட்டேன். பாதி வந்தது.

"பாதி போதும் மச்சான். மீதிய நானே அளந்து விட்டுக்கிறேன்."

மார்ச் 6, வியாழன்

டோரிகா வேலை செய்வதைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். காலையில் டீக்கு முன்னாலேயே கணினியைத் திறந்துவிடுவாள். டேப் படித்ததா என்பது அவளுக்குப் பொருட்டே இல்லை. எத்தனை தடவை தடுமாறிப் படித்தது? அதுதான் அவள் கேள்வி. டிரைவ் ஓரிடத்தில் தடுமாறும், திரும்பிப் போய்ப் படித்துத் தானே சரிசெய்துகொள்ளும். வெளியே பச்சை விளக்கு எரியும், நமக்கு ஒன்றும் தெரியாது. அவள் ஒவ்வொரு டிரைவுக்கும் ஒவ்வொரு டேப்புக்கும் அந்தத் தடுமாற்றத்தைக் கோடாக வரைந்து வைத்திருக்கிறாள். நாங்களெல்லாம் விளக்கைப் பார்த்தே காலத்தை ஓட்டியவர்கள்.

இப்படிப்பட்டவளுக்கு ஒரு வருட ஒப்பந்தம். இந்த மாதக் கடைசியோடு முடிகிறது. புதுப்பிப்பது பற்றி டைரக்டர் மூச்சே விடவில்லை.

மார்ச் 10, திங்கள்

இரண்டாம் டிரைவின் கோடு ஏறுகிறது. டிரைவின் உள்ளே துடைக்கும் டேப்பைப் போட்டேன். மறுபடியும் போட்டேன். இன்னொரு தடவை எடுத்ததும் டோரிகா முறைத்தாள்.

"அண்ணே, பல்லு வலிக்குதுன்னா வலி போற வரைக்கும் பல்லு தேச்சுக்கிட்டே இருப்பீங்களா?"

சிரித்துவிட்டேன். அவள் சிரிக்கவில்லை.

மார்ச் 13, வியாழன்

இன்று ஒரு டேப் இரண்டாம் டிரைவில் படிக்கவே மாட்டேன் என்றது. வழக்கம்போல உருவி மூன்றாம் டிரைவில் போடப் போனேன். மணிக்கட்டைப் பிடித்துவிட்டாள்.

"நோய் டேப்புக்கா டிரைவுக்கான்னு தெரியாம அடுத்த ஆளுக்கும் ஒட்ட வைக்காதீங்க."

யார் குரலும் இல்லாத வெற்று டேப் ஒன்றை இரண்டாம் டிரைவுக்குள் விட்டாள். நேற்று வரை ஒழுங்காக ஓடிய டேப். அதுவும் தடுமாறியது. ஆக, நோய் டிரைவுக்கு. அப்படியென்றால் இத்தனை நாளாக அதற்குள் போய் வந்த டேப்புகள்? எல்லாவற்றையும் தனியாகப் பிரித்து உலர் அலமாரியில் வைத்துப் பூட்டினாள். வேலையை முழுக்க நிறுத்திவிட்டாள். யாரையும் கேட்கவில்லை! எனக்கு அந்தத் துணிச்சல் வராது.

மார்ச் 14, வெள்ளி

டைரக்டர் வந்து குதித்தார்.

"யாரு நிறுத்தச் சொன்னது?"

"நான்தான் சார்."

"பச்ச விளக்கு எரியுதே!"

"செத்த வீட்டுலயும் விளக்கு எரியும் சார்."

அவர் முகம் கறுத்துவிட்டது. "உன் கையிலதான் டிரைவ் கெட்டிருக்கு. மாசக் கடைசி வருது, ஞாபகம் இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவர் போனதும் கணினித் திரையை என் பக்கம் திருப்பி, இரண்டாம் டிரைவின் கோட்டைக் காட்டினாள். தரையோடு தரையாக வந்த கோடு 4ஆம் தேதி மத்தியானம் தலை தூக்குகிறது. "அன்னைக்கு நான் லீவு" என்றாள். எழுந்து போய் எனக்கும் சேர்த்து டீ போட்டு வந்தாள்.

என் வாயில் என்ன கொழுக்கட்டையா இருந்தது? ஏன் பேசவில்லை?

மார்ச் 16, ஞாயிறு

கோயிலில் பிரசங்கத்தில் ஒரு வார்த்தைகூடக் காதில் ஏறவில்லை.

மார்ச் 17, திங்கள்

சொல்லிவிட்டேன். டைரக்டர் அறைக் கதவைச் சாத்திவிட்டு, பெனியின் டேப்பைப் போட்டது நான்தான் என்றேன். கத்துவார் என்று நின்றேன்.

"கெரெகெரெயா?"

"ஆமா சார்."

பெருமூச்சு விட்டார். "நானா இருந்தாலும் போட்டுத்தான் தொலச்சிருப்பேன்" என்றார். டோரிகாவைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை இல்லை.

டிரைவைத் திறந்து பார்த்தோம். படிக்கும் முனையில் பூசணத் தூள். டோரிகாவிடமும் சொன்னேன்.

"தெரியும் அண்ணே. உள்ள போன டேப்பையெல்லாம் டிரைவ் ஞாபகம் வச்சிருக்கும். நம்ம நம்பர் இல்லாத டேப் ஒண்ணு போயிருந்துச்சு."

"அப்ப டைரக்டர்கிட்ட ஏன் சொல்லல?"

"நீங்க சொல்வீங்கன்னு இருந்தேன்."

"சொல்லாம விட்டிருந்தா?"

"கப்பலேறி ஊருக்குப் போயிருப்பேன். டேப்பு பத்திரமா அலமாரிக்குள்ள இருக்குல்ல."

என்ன மனுஷி இவள்!

மார்ச் 21, வெள்ளி

பூட்டி வைத்த டேப்புகளைத் துடைத்து, ஒவ்வொன்றாக முதல் டிரைவில் படித்தோம். ஒன்று முடிந்ததும் வெற்று டேப்பை ஓட்டி, டிரைவ் சுத்தம் என்று தெரிந்த பிறகே அடுத்தது. நான் அவசரப்பட்டபோதெல்லாம் அவள் அசையவே இல்லை. எல்லாம் பிழைத்தன, ஒன்றைத் தவிர. மோவாலாத் தீவுக் கிழவி ஒருத்தியின் படகுப் பாட்டில் கடைசிப் பகுதி போய்விட்டது. அது நான் செய்தது. யாரிடம் போய் மன்னிப்புக் கேட்பது?

மார்ச் 25, செவ்வாய்

ஸ்டோரிலிருந்து ஓய்வு கொடுத்த பழைய டிரைவ் ஒன்றை இழுத்து வந்து, கதவோரம் ஓர் ஓட்டைக் கணினியோடு இணைத்துவிட்டாள். மற்ற டிரைவுகளோடு அதற்கு ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

"கேட்டு வர்றவங்கள இல்லைன்னு அனுப்ப நம்மால முடியாது. அனுப்பவும் வேணாம். சேறோ பூசணமோ, எல்லாம் இதுக்குள்ள போகட்டும். இது விருந்தாளி டிரைவ்."

எந்தப் புத்தகத்தில் இருக்கிறது இது? மெஷினையும் தெரிந்து, எங்கள் ஆட்களையும் தெரிந்த ஒருத்திக்குத்தான் தோன்றும்.

பெனி வந்து பார்த்தான். "எனக்குன்னு தனி மெஷினா மச்சான்?"

"உன்னைக் கட்டிப்போடத் தனிக் கொட்டகையே போடணும்" என்றேன்.

மார்ச் 28, வெள்ளி

சாயங்காலம் கிளம்பும் நேரம் டைரக்டர் உள்ளே வந்தார். கையில் யங்கோனா வேர். கதவோரம் தரையில் உட்கார்ந்தார். நானும் டோரிகாவும் கீழே உட்கார்ந்தோம்.

"கெரெகெரெ, டோரிகா. எங்க ஊர்க் கோயில் பாட்டுக்குழுவோட டேப். எங்கம்மா குரல் இதுல இருக்கு. கூரை ஒழுகி நனஞ்சு போச்சு."

கேட்டதற்குச் சம்மதம் என்று முறைப்படி கை தட்டி வேரை வாங்கிக்கொண்டாள். டேப்பை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இன்னைக்குப் போட மாட்டேன் சார். ஈரம் இருக்கு. திங்கள் வரைக்கும் அலமாரில கெடக்கட்டும்."

"சரி. செவ்வாய்க்கிழமை போட்டுடு."

"திங்களோட என் ஒப்பந்தம் முடியுது சார். செவ்வாய்க்கிழமை நான் இல்ல."

டைரக்டர் டேப்பைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். எழுந்து போகப் போகிறார் என்று நினைத்தேன். அவர் இன்னும் கொஞ்சம் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார்.

"கெரெகெரெ" என்றார் மறுபடியும். இந்தத் தடவை டேப்பைக் காட்டவில்லை.

டோரிகா தலையைக் குனிந்துகொண்டாள். மெதுவாகக் கை தட்டினாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. யங்கோனா கரைக்கத் தண்ணீர் எடுத்து வருகிறேன் என்று எழுந்து வெளியே போனேன்.