விளக்கை அணைக்காமல் பார்த்த கண்

இன்று காலையும் கிளினிக்கில் விளக்கை அணைத்தேன். நர்ஸம்மா முறைத்தார். "இன்னா டாக்டர், தலைவலின்னு வந்தவங்களுக்குக்கூட லைட்ட ஆஃப் பண்றீங்க?" எல்லாம் உன்னால் வந்த வினைடா.

ஆம்பூர் தோல் ஆலையில் இருபது வருடம் தோல் தரம் பிரித்தவன் நீ. ஜன்னல் வெளிச்சத்தில் தோலைத் தூக்கிப் பிடித்து, இடது கண்ணைச் சுருக்கி, உண்ணி கடித்த தழும்பைக்கூடக் கண்டுபிடித்துவிடுவாய். அதனால் அந்த இமை கொஞ்சம் தொங்கியபோது யாரும் கண்டுகொள்ளவில்லை. "பாத்து பாத்து கண்ணு அப்டியே நின்னுபோச்சுடா தோஸ்த்" என்று சிரித்தாய். நானும் சிரித்தேன். எட்டாம் வகுப்பிலிருந்து அந்த முகத்தைப் பார்க்கிறவன், என் புத்தி எங்கே போனது?

தோள் வலி என்று வந்தாய். தோல் கட்டு தூக்கியதால்தான் என்று நீயே தீர்ப்பும் சொல்லிவிட்டாய். சட்டைப்பையில் பீடிக்கட்டு வேறு. சித்திரை வெயிலில் நெற்றியின் வலப்பக்கத்தை மட்டும் துடைத்துக்கொண்டே இருந்தாய். இடப்பக்கம் காய்ந்து கிடந்தது. எனக்கு உறைக்கவில்லை. இரண்டு டியூப்லைட்டுக்கு நடுவில் உட்காரவைத்து டார்ச் அடித்தேன். இரண்டு கண்மணிகளும் சுருங்கின. "ஒண்ணும் இல்லடா, போ" என்றேன்.

மூன்று மாதம் கழித்து, வேலூரில் ஒரு இளம் பெண் டாக்டர் முதல் வேலையாக விளக்கை அணைத்தார். இருட்டில் உன் வலது கண்மணி விரிந்தது. இடது கடுகளவே நின்றது. கண்ணுக்குப் போகும் நரம்பு ஒன்று நுரையீரலின் உச்சியை ஒட்டித்தான் மேலே ஏறுகிறது. அங்கே கட்டி அழுத்தினால் இமை தொங்கும், கண்மணி சிறுக்கும், முகத்தின் அந்தப் பக்கம் வியர்க்காது. இதைப் பரீட்சையில் எழுதி மார்க் வாங்கியவன் நான். எக்ஸ்ரே வரும்போது கட்டி எலும்பைத் தொட்டிருந்தது.

அப்போதும் நீ என்ன சொன்னாய்? "எங்க டாக்டர் மேல தப்பில்லம்மா. அவன் ரூம்ல லைட்டு ஜாஸ்தி." என்னைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே சொன்னாய். நாலு வார்த்தை திட்டித் தொலைத்திருக்கக் கூடாதா? நீ போய்ச் சேர்ந்த பிறகும் அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

இன்று வந்தவர் பேரணாம்பட்டில் பீடி சுற்றுகிற அம்மா. இருட்டில் அவர் கண்மணிகள் இரண்டும் ஒரே அளவாக விரிந்தன. "ஒண்ணும் இல்லம்மா" என்று சொல்லிவிட்டேன். சொன்ன வாய் மூடுவதற்குள், மறுபடியும் விளக்கை அணைத்தேன்.