சைகோன் பொம்மை

பாகூர், 4 ஆகஸ்டு 1934

என் உயிருக்கு உயிரான அத்தானுக்கு ஆதிலட்சுமி எழுதுவது. பெட்டி வந்தது. பொம்மையோடு நீங்கள் மறைத்து வைத்த சீட்டும் கிடைத்தது. ‘அமுதம் இதை யாருக்கும் கொடுக்கக் கூடாது.’ நானும் அதையேதான் சொன்னேன். உங்கள் அண்ணன் மகள் ருக்குமணி கையில் எது போனாலும் கை கால் ஒடிந்துதான் திரும்பும் என்று பயம் காட்டினேன்.

இப்போது ருக்குமணி காய்ச்சலில் கிடக்கிறாள். பத்து நாளாக விட்டுவிட்டு வருகிறது. “ஒருவாட்டி தொட்டுப் பாத்துட்டு குடுத்துடறேன் சித்தி” என்று கேட்கிறாள். நான் கெஞ்சியும் அமுதம் தரவில்லை. “நீதான குடுக்காதன்ன?” என்கிறாள். ஏழு வயதுப் பெண் என் சொல்லையே எனக்குத் திருப்பித் தருகிறாள். நீங்களாவது இரண்டு வரி எழுதுங்கள். அப்பா பேச்சென்றால் கேட்பாள்.

உங்கள்
ஆதிலட்சுமி

சைகோன், 31 ஆகஸ்டு 1934

அன்புள்ள ஆதிலட்சுமிக்கு,

நலம். இதற்கெல்லாமா கண்ணைக் கசக்குவாய்? என் மகள் கெட்டிக்காரி. தன் பொருளைக் காக்கத் தெரிந்தவள் பிழைத்துக்கொள்வாள். காய்ச்சல்காரி தொட்டதை இவள் எப்படி வைத்து விளையாடுவாள்? கொடுக்காதது சரிதான் என்று அப்பா சொன்னதாகச் சொல். அண்ணனுக்கும் அண்ணிக்கும் என் நமஸ்காரம்.

உன் பிரியமுள்ள
தணிகைவேல்

பாகூர், 29 செப்டம்பர் 1934

அமுதத்தின் அப்பாவுக்கு,

ருக்குமணி போய் ஒரு மாதம் ஆகிறது. கடைசிவரை பொம்மையைத் தொடவில்லை. காரியம் முடிந்த அன்று அமுதம் தானாகவே அதைக் கொண்டுபோய், பெண்ணைப் பறிகொடுத்த உங்கள் அண்ணி மணியம்மாள் அக்கா மடியில் வைத்தாள். அன்றுமுதல் அக்கா அதைக் கீழே வைக்கவில்லை. அமுதமும் அக்கா பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பாள். நான் செய்த பாவத்தைப் பிள்ளை கழுவிவிட்டாள் என்று நினைத்தேன்.

நேற்று உங்கள் கடிதம் வந்தது. உறையில் யார் பெயர் இருந்தாலும், கூடத்தில் எல்லோரையும் வைத்துக்கொண்டு உங்கள் அண்ணன்தான் பிரித்துப் படிப்பார். மூன்று வருஷத்தில் அது உங்களுக்கு மறந்துபோயிற்று. ‘காய்ச்சல்காரி’ என்ற இடத்தில் நிறுத்தினார். பிறகு உங்கள் நமஸ்காரம்வரை படித்து முடித்தார்.

அமுதம் எழுந்துபோய் அக்கா மடியிலிருந்து பொம்மையை எடுத்துக்கொண்டாள். “குடுக்காததுதான் சரின்னு அப்பா சொல்லிட்டாரு பெரிம்மா.” அக்கா கையை விட்டாள். அடிக்க ஓங்கினேன். எதற்கென்று அடிப்பது? சொன்ன சொல்லைக் கேட்டதற்கா? கையை இறக்கிக்கொண்டேன்.

அக்கா இன்று தாய்வீடு போய்விட்டாள். அமுதம் பொம்மைக்குத் தலைவாரிக்கொண்டிருக்கிறாள். அவளைப் பார்க்க எனக்குப் பயமாக இருக்கிறது.

இனி இந்த வீட்டுக்கு நீங்கள் எதுவும் அனுப்ப வேண்டாம். கடிதமும் வேண்டாம்.

ஆதிலட்சுமி