ஐ.பி. போடக் கார்டு செல்லாது

என்னங்க,

நான் கம்பெனி பஸ்ஸைப் பிடிக்கப் போகிறேன். குக்கரில் குஸ்கா இருக்கிறது. தயிர்ப் பச்சடியைத் தேடாதீர்கள், நேற்றைய கோபத்தில் செய்யவில்லை.

காலையில் நீங்கள் தூங்கும்போது வேலூர் வக்கீலம்மா எனக்குப் போன் செய்தார். "கிரெடிட் கார்டு கடனுக்கு ஐ.பி. போட்டு திவால் ஆய்டறேன்னு உங்க வீட்டுக்காரர் வந்தாரும்மா. என் பீஸை அதே கார்டுல தேய்ச்சுக்கலாமான்னு கேக்கறாரு" என்றார். சிரிப்பை அடக்கப் பெரும்பாடாகிவிட்டது. ராத்திரிச் சண்டையில் பாதி அதிலேயே போய்விட்டது.

ஐ.பி. இப்போது வேண்டாம். முதலில் பேங்க்கில் தவணை கேட்போம். தரவில்லையென்றால் நானே உங்களோடு கோர்ட்டுக்கு வருகிறேன். வக்கீலம்மாவிடமும் இதையே சொல்லிவிட்டேன்.

பதினோரு மணிக்குப் பேங்க்கிலிருந்து கார்டு வசூலுக்குத் தமிழ்வேந்தன் வருவார். போன தடவை மாதிரி கதவுக்குப் பின்னால் நின்று, "பிரேம்நாத் திருப்பத்தூர் போய்ட்டாருங்க" என்று உங்கள் குரலிலேயே சொல்லாதீர்கள். டீ கொடுத்து, சனிக்கிழமை இரண்டு பேரும் பேங்க்குக்கு வருகிறோம் என்று சொல்லுங்கள்.

ஹெலன்

வெளியே போனால் சாவியைப் பக்கத்து வீட்டு மேகலா அக்காவிடம் கொடுங்கள்.

இன்னொன்று. ஆர்டர் இல்லாமல் நீங்கள் வேலை பார்த்த கம்பெனியை மூடிவிட்டதை மறைத்து, கார்டில் பணம் எடுத்து மாசாமாசம் சம்பளம் என்று கொடுத்தீர்களே, அந்தக் கோபம் இன்னும் பாக்கி இருக்கிறது. கிறிஸ்துமசுக்குப் போனஸ் வேறு. மூடின கம்பெனியில் போனஸ் வாங்கின ஒரே ஆள் நீங்கள்தான். அதில் எடுத்த புடவையைத்தான் இன்றைக்குக் கட்டிக்கொண்டு போகிறேன். நன்றாக இருக்கிறது.