பேசிக் கணக்கு

மே 16

கண்ணுக்குச் சொட்டு மருந்து வாங்க பாகூர் கடைத்தெருவுக்குப் போய்விட்டுத் திரும்பும்போது அடுத்த வீட்டு வெண்ணிலா எதிரே ஓடிவந்தாள். பத்தாம் வகுப்புக் கணக்கில் தொண்ணூற்றொன்று.

"லெவன்த்ல மேத்ஸ் எடுக்கப் போறேன் டீச்சர்!"

என்ன ஆகப்போகிறாய் என்று கேட்டேன். சமூக அறிவியல் நடத்தி ஓய்வு பெற்ற பிறகும் பிள்ளைகளைப் பார்த்தால் இந்தக் கேள்விதான் முதலில் வாயில் வருகிறது.

"தெரியல டீச்சர். கணக்குப் போட்டா நல்லா இருக்கு."

இது ஒரு பதிலா?

மே 19

மேத்ஸ் தர முடியாது என்று பள்ளியில் சொல்லிவிட்டார்களாம்.

எங்கள் பள்ளிகளுக்குப் புதிதாக வந்த மத்தியப் பாடத்திட்டத்தில் பத்தாம் வகுப்புக் கணக்குத் தேர்வு இரண்டு விதம். மேலே கணக்குப் படிக்கப்போகிறவர்களுக்கு ஸ்டாண்டர்ட். வேண்டாம் என்பவர்களுக்கு பேசிக், கொஞ்சம் எளிய தாள். போன வருடம் எது வேண்டும் என்று கேட்டபோது அவள் அப்பா வீரப்பன் பேசிக் என்று சொல்லியிருக்கிறார்.

மாலையில் வந்து வாசலில் நின்றார். திருபுவனை கம்பெனிச் சட்டையைக்கூட மாற்றவில்லை.

"இன்னா டீச்சர் இது அநியாயம்? பேசிக் ஸ்ட்ராங்கா இருந்தாதான் மேல போவ முடியும்னு எல்லா வாத்தியாரும் சொல்வாங்க இல்ல? ஸ்டாண்டர்டுன்னா ஏதோ சாதாரணம்னு நெனச்சிட்டேன்."

சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன். பாவம் இந்த மனுஷன். மகளுக்கு உறுதியானதாகப் பார்த்துத்தான் எடுத்திருக்கிறார். புதுப் பாடத்திட்டத்தில் தேர்வு எழுதிய முதல் வருடப் பிள்ளைகள் — விளக்கிச் சொல்ல யாரும் இல்லை.

மே 20

வெண்ணிலா அப்பாவிடம் பேசவில்லை. என்னிடமும்தான்.

மே 23

அவள் அம்மா தேவிக்கு இதில் வருத்தமே இல்லை. "பயாலஜி எடுத்துக்கினு நர்சிங் போவட்டும் டீச்சர். வேலை நிச்சயம். கணக்கு போட்டு இன்னா பண்ணப் போவுது இது?"

நியாயமாகத்தான் பட்டது. வெண்ணிலாவைக் கூப்பிட்டுப் பேசினேன். எனக்கோ உதாரணம் இல்லாமல் பேச்சு வராது. பாடம் என்பது பஸ் மாதிரி, போகிற ஊர் தெரிந்தால்தானே எந்த பஸ் என்று பார்க்க முடியும் என்றேன்.

"ஊரு தெரியாதுதான் டீச்சர். ஆனா இந்த பஸ்ல ஒக்காந்தாதான் எனக்கு வாந்தி வரல."



அவள் போன பிறகும் அதே நினைப்பு. பதினைந்து வயதில் எந்த ஊர் என்று யாருக்குத் தெரியும்? எனக்குத் தெரிந்ததா? தேசப்படம் வரையப் பிடித்தது, அவ்வளவுதான். டீச்சர் வேலை பிறகுதானே வந்தது. பிடித்த பாடத்தின் பின்னால் போனால் வேலை எதிரே வரும் என்று சொல்லலாம். வராமலும் போகலாம். தேவியின் பயம் அதுதான் — அதைத் தப்பென்று நான் எப்படிச் சொல்வேன்?

மே 27

வீரப்பனோடு பள்ளிக்குப் போய் விசாரித்தேன். ஒரு வழி இருக்கிறது. ஜூலைத் துணைத் தேர்வில் ஸ்டாண்டர்ட் தாளை எழுதலாம். தேறினால் மேத்ஸ். அதுவரை பயாலஜி வகுப்பில் உட்கார வேண்டும். தேறாவிட்டால் அங்கேயேதான்.

தேவி மகளை முன்னால் நிறுத்திக் கேட்டாள். "ஃபெயிலானா மூஞ்ச தூக்கி வெச்சிக்கினு திரியக் கூடாது. ஒழுங்கா நர்சிங் படிக்கணும். சரியாடி?"

"சரி."

இரண்டு பேரும் என்னைச் சாட்சிக்குப் பார்த்தார்கள்.

ஜூன் 8

வெண்ணிலாவின் சிநேகிதி ஸ்டெல்லா ஸ்டாண்டர்ட் எழுதித் தேறியவள். தினமும் எங்கள் கூடத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுக்கிறாள்.

"அடியே, அப்படியே நம்பர போட்டா வருமா? யோசிடி!"

"வாத்தியாரம்மா, அடிச்சிடாதீங்க."

டீ போடுவது என் வேலை.

ஜூன் 21

வீரப்பன் ஷிப்ட் முடிந்து வரும்போதெல்லாம் எங்கள் கேட்டருகில் பைக்கை நிறுத்தி, உள்ளே இருந்து மகள் குரல் கேட்கிறதா என்று பார்த்துவிட்டுப் போகிறார். கூப்பிட்டாலும் வருவதில்லை. "நான் வந்தா அதுக்கு கவனம் கலைஞ்சிடும் டீச்சர்."

ஜூலை 15

தேர்வு முடிந்து அழுதுகொண்டே வந்தாள். பெரிய கணக்கு ஒன்று பாதியில் நின்றுவிட்டதாம். "போச்சு டீச்சர்."

தேவி திட்டவில்லை. "மொதல்ல சாப்புடு" என்று மட்டும் சொன்னாள்.

ஜூலை 28

பயாலஜி நோட்டில் செல் படம் வரைந்து கலர் அடித்திருக்கிறாள். அழகாகவே இருக்கிறது. இப்படியே இருந்துவிட்டால்தான் என்ன என்று ஒரு நிமிடம் தோன்றியது. சே, நானுமா!

ஆகஸ்ட் 8

மத்தியானம் நல்ல மழை. வெண்ணிலா பள்ளியிலிருந்து நனைந்தபடி நேரே இங்கே வந்துவிட்டாள். மேத்ஸ் வகுப்பில் இன்று முதல் நாள். கடைசி பெஞ்சில்தான் இடமாம். பாடம் வெகுதூரம் போய்விட்டதாம்.

"சாரு எழுதறாரு, அழிக்கறாரு, எழுதறாரு. எனக்கு ஒண்ணுமே புரியல டீச்சர்!"

இதை இவ்வளவு சிரிப்போடு சொன்ன பிள்ளையை என் வகுப்பில் நான் பார்த்ததில்லை.

மதிலுக்கு அந்தப் பக்கமிருந்து தேவியின் குரல்: "புரியலயாம்! அதுக்கு இன்னாடி இந்த இளிப்பு?"